இந்தப் பருவத்தில் சுக்கானை எங்களிடமும் கொடுங்கள்: பாய்ப்படகு உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பாய்ப்படகு உரிமையாளர்களே,

வணக்கம். இந்த மடலைப் படிக்கும்போது உங்கள் விரலிடுக்கில் பெயின்ட் ஒட்டியிருக்கும் என்று எனக்குத் தெரியும். கடுங்குளிர் நாடுகளில் மாதக்கணக்கில் படகைப் போர்த்தியிருந்த தார்ப்பாய் இறங்கிவிட்டது. புயல் மாதங்களுக்கு அஞ்சிப் படகைக் கரையேற்றி வைக்கும் இடங்களிலும் முட்டுக்கட்டைகளின் மேல் நிற்கும் படகை நாளுக்கு இருமுறை சுற்றிவருகிறீர்கள். அடிப்பாகத்தைத் தேய்த்து, பாசியும் கொட்டலசும் ஒட்டாத பூச்சு அடிக்கிறீர்கள். அரிப்பைத் தன்மேல் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் கட்டிகளை மாற்றுகிறீர்கள். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிவடங்களில் ஓர் இழையாவது அறுந்திருக்கிறதா என்று துணியால் உருவிப் பார்க்கிறீர்கள். இத்தனை மாதங்களாகச் சுவரில் தொங்கிய கடல்வரைபடம் மேசைக்கு வந்துவிட்டது.

அந்த ஆவலில் எனக்கும் பங்கு உண்டு. துறைமுக வாயைத் தாண்டி எஞ்சினை நிறுத்தியதும், பாய் காற்றைப் பிடித்து, படகு மெல்ல ஒருபக்கம் சாய்ந்து, நீர் விலாவை உரசும் ஒலி மட்டும் மிஞ்சுகிற அந்த முதல் நொடிக்காக நானும்தான் காத்திருக்கிறேன். ஆனால் நான் படகுக்குச் சொந்தக்காரி அல்ல. உங்களோடு ஏறுகிற இரண்டாவது ஆள். எங்கள் கூட்டம் பெரியது. மனைவியோ, கணவரோ, தம்பியோ, வளர்ந்த மகளோ, அலுவலக நண்பரோ, யாராகவும் நாங்கள் இருக்கலாம். உலகம் முழுவதும் பல சிறிய பாய்ப்படகுகளில் இருவர்தான் போகிறார்கள். ஒருவருக்குப் படகைப் பற்றி எல்லாம் தெரியும். மற்றவருக்குச் சொன்னதைச் செய்யத் தெரியும்.

அந்த மற்றவர்களின் சார்பில் ஒன்று கேட்கவே இதை எழுதுகிறேன். படகை ஆயத்தம் செய்ய நீங்கள் செலவிடும் நேரத்தில் ஒரு பங்கை எங்களை ஆயத்தம் செய்யவும் செலவிடுங்கள். நீங்கள் கடலில் விழுந்தாலோ, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கீழே சாய்ந்தாலோ, படகை நிறுத்தவும் உதவி கேட்கவும் உங்களைத் தூக்கவும் கரை சேர்க்கவும் எங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இன்றைக்கு எங்களில் பெரும்பாலோருக்குத் தெரியாது.

“எனக்கு ஒன்றும் ஆகாது, இத்தனை ஆண்டு அனுபவம்” என்று நீங்கள் சொல்லக்கூடும். எரிக் தபர்லியை உங்களில் அறியாதவர் இருக்க மாட்டீர்கள். 1964இலும் 1976இலும் அட்லாண்டிக் பெருங்கடலைத் தனியாளாகக் கடக்கும் போட்டியில் வென்றவர். பிரான்சில் ஒரு தலைமுறையையே கடலுக்கு அழைத்துச் சென்றவர். 1998 ஜூன் மாதம் ஓர் இரவு, வேல்ஸ் கரைக்கு அப்பால் ஐரிஷ் கடலில், தன் அருமைப் படகான பென் துயிக்கில் பாய் மாற்றும் வேலையின்போது பாயைத் தாங்கும் மேற்கட்டை அடித்துக் கடலில் விழுந்தார். அப்போது அவருக்கு வயது 66. படகில் அவரோடு வேறு ஆட்களும் இருந்தார்கள். இருட்டில் அவரை மீட்க முடியவில்லை. சில வாரங்கள் கழித்து ஒரு மீன்பிடிக் கப்பலின் வலையில்தான் உடல் கிடைத்தது. அவரைவிட அனுபவம் மிக்கவர் என்று சொல்லிக்கொள்ளக்கூடியவர் நம்மில் யார்? விழுந்தவரின் அனுபவம் அவர் விழுந்த கணத்திலேயே படகைவிட்டுப் போய்விடுகிறது. அதன்பின் படகில் எஞ்சியிருப்பவருக்கு என்ன தெரியும் என்பதுதான் கணக்கு.

கணக்கு என்றதும் இதையும் பாருங்கள். மணிக்கு 6 கடல் மைல் வேகம் நமக்கு இதமான வேகம். தேநீர்க் கோப்பை மேசையில் நிற்கும் வேகம். அந்த வேகத்தில் படகு நொடிக்கு 3 மீட்டர் நகர்கிறது. நான் திகைத்து, உங்கள் பெயரைக் கூவி, என்ன செய்வது என்று சுற்றுமுற்றும் பார்ப்பதற்குள் 10 நொடி போய்விடும். அதற்குள் 30 மீட்டர் இடைவெளி விழுந்திருக்கும். ஒரு நிமிடம் கழிந்தால் 185 மீட்டர். அலைகளுக்கு நடுவே அத்தனை தூரத்தில் ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிப்பது எவ்வளவு கடினம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாங்கள் கற்க வேண்டிய முதல் வித்தை படகை நிறுத்துவது. நிறுத்துவது என்றால் நீங்கள் போட்டிகளில் காட்டும் லாவகம் எதுவும் தேவையில்லை. எதிர்க்காற்றிலோ பக்கக்காற்றிலோ போய்க்கொண்டிருக்கும்போது, படகின் முன்முனையான அணியத்தைக் காற்று வரும் திசைக்குத் திருப்ப வேண்டும். முன்பாயின் கயிற்றைத் தொடக்கூடாது. படகு காற்றைக் கடந்து மறுபக்கம் திரும்பியதும், அவிழ்க்கப்படாத முன்பாய் எதிர்ப்புறமாகக் காற்றை வாங்கும். வேகம் சரியும். பிறகு சுக்கானைக் காற்றை நோக்கித் திருப்பியே வைத்திருந்தால், படகு விழுந்தவருக்கு அருகிலேயே தயங்கித் தயங்கி நிற்கும். இதை அனுபவித்துப் பார்க்காதவர் நம்ப மாட்டார்: சற்று முன்வரை அதிர்ந்து ஓடிய படகு சட்டென்று அடங்கி, பேசினால் கேட்கும் அளவுக்கு அமைதியாகிவிடும். பயந்துபோன ஒருவருக்கு யோசிக்க இடம் கொடுப்பது அந்த அமைதிதான். வடிவமைப்பைப் பொறுத்து ஒவ்வொரு படகும் சற்று வேறுபட்டு நடந்துகொள்ளும். நீளமான அடிக்கட்டை உள்ள பழைய படகுகள் சமர்த்தாக நிற்கும். ஒல்லியான துடுப்பு போன்ற அடிக்கட்டை உள்ள புதிய படகுகள் நிலைகொள்ளாமல் ஊசலாடும். உங்கள் படகு எப்படி நிற்கிறது என்று எங்களுக்குத் தெரிய வேண்டும் என்றால், நாங்களே அதை நிறுத்திப் பார்த்திருக்க வேண்டும்.

பின்காற்றில் போகும்போது இது இத்தனை எளிதல்ல. பெரும்பாயின் கிடைமரம் தற்செயலாக மறுபக்கம் வீசிவிடாமல் இருக்க நீங்கள் ஒரு கயிற்றால் அதைக் கட்டி வைப்பீர்கள். அந்தக் கயிறு எங்கே முடிச்சிடப்பட்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். அதை அவிழ்க்காமல் என்னால் படகைத் திருப்ப முடியாது.

நின்றபின் எஞ்சின். இங்கே ஒரே ஒரு விதியை எங்கள் மண்டையில் ஏற்றுங்கள்: சாவியைத் திருகுவதற்கு முன் படகைச் சுற்றி நீரில் ஏதாவது கயிறு கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவசரத்தில் விட்ட பாய்க்கயிறு ஒன்று சுழல்விசிறியில் சுற்றிக்கொண்டால் எஞ்சினும் போச்சு, திரும்பிவரும் வழியும் போச்சு. அடுத்தது, விழுந்தவர் கைக்கு எட்டும் தொலைவுக்கு வந்ததும் கியரை நியூட்ரலுக்குத் தள்ள வேண்டும். உங்கள் படகில் நியூட்ரல் எந்த இடத்தில் ‘கிளிக்’ என்று விழும் என்பது உங்கள் உள்ளங்கைக்குத் தெரியும். எங்கள் உள்ளங்கைக்கும் அது தெரியட்டும்.

இப்போது தண்ணீரைப் பற்றி. பருவத்தின் தொடக்கம் கண்ணை ஏமாற்றும் காலம். வெயில் சுள்ளென்று அடிக்கும். மேல்சட்டையைக் கழற்றலாம் போலிருக்கும். ஆனால் மிதவெப்ப நாடுகளின் கடல், காற்றைவிட மிக மெதுவாகச் சூடேறுவது. ஆண்டிலேயே நீர் மிகக் குளிர்ந்திருப்பது பெரும்பாலும் குளிர்காலத்தின் கடைசியில்தான். அந்தக் குளிர் நீங்குவதற்கு முன்பே நாம் படகை இறக்கிவிடுகிறோம். கனடாவின் மானிடோபா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்டன் கீஸ்பிரெக்ட், குளிர்நீரில் விழுந்தவருக்கு என்ன நேர்கிறது என்பதை 1, 10, 1 என்ற மூன்று எண்களால் பலருக்கும் விளங்க வைத்தவர். முதல் 1 நிமிடம் மூச்சு கட்டுக்கடங்காமல் வாங்கும். அதை அடக்கி, வாயில் நீர் போகாமல் பார்த்துக்கொள்வதே அப்போதைய வேலை. அடுத்த 10 நிமிடங்கள்தான் கைகால்கள் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்புவதற்கு ஏறத்தாழ 1 மணி நேரம் ஆகும். பனிக்கட்டி போன்ற நீருக்குச் சொல்லப்பட்ட எண்கள் இவை. நீர் சற்று வெதுவெதுப்பானால் நீளும். ஆனாலும் அந்தப் பத்து நிமிடத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் வீசும் கயிற்றை நீங்கள் பிடிக்கவும், ஏணியில் கால் வைக்கவும் உங்களால் முடிகிற நேரம் அவ்வளவுதான். அதற்குப் பிறகு என் கண்ணெதிரே நீங்கள் மிதப்பீர்கள். ஆனால் எனக்கு உதவ உங்களால் முடியாது.

மிதப்பீர்கள் என்று எழுதினேன். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால்தான் அது. ஜாக்கெட் இல்லாதவருக்கு அந்த ஒரு மணி நேரம் கிடையாது. கைகள் தளர்ந்ததும் கதை முடிந்துவிடும். பல படகுகளில் உரிமையாளரின் ஜாக்கெட் புதிதாக இருக்கும். விருந்தாளிக்குக் கொடுப்பது படுக்கைக்கு அடியிலிருந்து எடுத்த, பூஞ்சை வாடை வீசும் பழையது. வேறு சிலவற்றில் எல்லோரும் போட்டிருப்பார்கள், உரிமையாளர் மட்டும் போட்டிருக்க மாட்டார். இரண்டுமே எனக்குப் பொறுக்கவில்லை. தானாக உப்பும் ஜாக்கெட்டுகளை இந்த வாரமே திறந்து பாருங்கள். வாயுக்குப்பி அதிர்வில் மெல்ல மெல்லக் கழன்றிருக்கலாம். கையால் இறுக்கிப் பாருங்கள். குப்பியின் மேல் அதன் எடை பொறிக்கப்பட்டிருக்கும். ஒரு தராசில் வைத்து ஒப்பிடுங்கள். நீர் பட்டால் கரைந்து விசையை விடுவிக்கும் வில்லைக்குக் காலாவதி உண்டு. வாயால் ஊதி ஓர் இரவு முழுவதும் வைத்து, காலையில் தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். தொடைப்பட்டையைத் தேவையற்ற தொல்லை என்று வெட்டி எறிந்தவர்களை நான் அறிவேன். அந்தப் பட்டை இல்லாவிட்டால், உப்பிய ஜாக்கெட் மேலே எழும்ப, உடல் அதற்குள்ளிருந்து கீழே நழுவும். உயிரைக் காக்க வந்த பொருள் முகத்தை மூடிக்கொள்ளும்.

இனி, நான் மிகவும் அஞ்சுகிற கட்டம். படகு நின்றுவிட்டது, திரும்பி வந்துவிட்டேன், நீங்கள் விலாவை ஒட்டி மிதக்கிறீர்கள். கையை நீட்டினால் தொடலாம். இந்த இடத்தில் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. தண்ணீருக்குள் மிதந்தபோது எடையே தெரியாத ஆடை, நீருக்கு மேலே வந்ததும் தான் குடித்த நீரின் பளுவையும் சேர்த்துக்கொள்ளும். 80 கிலோ எடையுள்ள ஒருவரை, ஆடிக்கொண்டிருக்கும் தளத்தில் குனிந்து நின்று, இடுப்புயரக் காவல்கம்பிக்கு மேலே வெறுங்கையால் தூக்க உங்களாலும் முடியாது, என்னாலும் முடியாது. தசைவலிமையால் ஆகாத வேலை இது.

ஆனால் அதைச் செய்யும் கருவி உங்கள் படகிலேயே இருக்கிறது: கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச். அதை நீங்கள் பாய் ஏற்ற மட்டும் பயன்படுத்துகிறீர்கள். வின்ச்சின் தலையில் 40 என்று எண் இருந்தால், கீழ் கியரில் அது நான் கொடுக்கும் விசையை ஏறத்தாழ 40 மடங்காக்கும் என்று பொருள். உராய்வில் ஒரு பகுதி போனாலும் மிஞ்சுவது போதும். பெரும்பாயை ஏற்றும் கயிற்றின் முனையை உங்கள் மார்புப்பட்டையிலுள்ள தூக்குவளையத்தில் கொளுவிவிட்டால், மெலிந்த உடல்வாகு உள்ளவரும் வின்ச் கைப்பிடியைச் சுழற்றி உங்களை மேலேற்ற முடியும். அப்படியானால் சில கேள்விகளுக்கு விடை வேண்டும். அந்தக் கயிறு விலாவுக்கு வெளியே நீர்மட்டம் வரை எட்டுமா? எந்த வின்ச்சுக்கு எந்தக் கோணத்தில் போகும்? எட்டாவிட்டால் இடையில் கோக்க கப்பித் தொகுதி ஒன்று தயாராக இருக்கிறதா? உப்பிய ஜாக்கெட்டுக்கு அடியில் அந்தத் தூக்குவளையம் எங்கே ஒளிந்திருக்கிறது? காவல்கம்பியை எப்படி இறக்குவது? துறையில் கட்டியிருக்கும் படகில் ஒரு பிற்பகல் போதும் இவை அனைத்துக்கும் விடை காண. அமைதியான, குளிரில்லாத நீரில் நீங்கள் ஜாக்கெட்டோடு இறங்குங்கள். பக்கத்தில் இன்னொருவர் காவலுக்கு நிற்கட்டும். நான் உங்களை மேலே தூக்குகிறேன். முதல்முறை சிக்கும், எரிச்சல் வரும். சிக்க வேண்டிய இடம் துறைதான்.

இந்தச் சிக்கலை எண்ணிப்பார்த்து ஏற்கெனவே வழி கண்டவர்கள் உண்டு. கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் போகும் படகை மனத்தில் வைத்து அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துப் பாய்ப்படகோட்டிகள் வகுத்த ‘லைஃப்ஸ்லிங்’ முறை அப்படிப்பட்டது. பின்பக்கக் கம்பியில் தொங்கும் மிதவைவளையத்தை நீண்ட கயிற்றோடு நீரில் விட்டுவிட்டு, விழுந்தவரைச் சுற்றிப் படகு வட்டமிடும். கயிறு தானாக வளைந்து அவர் கைக்கு வந்து சேரும். அவர் வளையத்துக்குள் நுழைந்ததும் படகை நிறுத்தி, இழுத்து, கப்பியால் தூக்குவது. குறிபார்த்து வீச வேண்டியதில்லை, படகை அவர் மேல் மோதாமல் நெருக்கத் தெரியவேண்டியதில்லை. தனியாக எஞ்சிய ஒருவருக்கு இதைவிடக் கைகொடுக்கும் ஏற்பாட்டை நான் அறியவில்லை. பல படகுகளில் இந்த வளையமும் கயிறும் அடங்கிய பையைப் பார்க்கிறேன். வாங்கி மாட்டிய நாளிலிருந்து திறக்கப்படாமல், வெயிலில் வெளுத்துத் தொங்குகிறது.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். நெடுநேரம் நீரில் கிடந்தவரை நேர்நிலையில் தூக்கினால், உடலை அழுத்திக்கொண்டிருந்த நீரின் பிடி விலகி இரத்த அழுத்தம் சட்டென்று விழக்கூடும். தூக்கியபின் மயங்கிச் சரிந்தவர்கள் இருக்கிறார்கள். முடிந்தால் முழங்காலுக்கு அடியில் இன்னொரு பட்டையைக் கொடுத்துப் படுத்த நிலையில் தூக்க வேண்டும். தூக்கவே முடியவில்லை என்றால், தலை நீருக்கு மேலே நிற்கும்படி விலாவோடு கட்டி வைத்து, உதவி வரும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும்.

மற்றது: எங்களைக் குதிக்க வேண்டாம் என்று இப்போதே சொல்லிவையுங்கள். தெளிவாக, முகத்தைப் பார்த்து, கட்டளையாகவே சொல்லுங்கள். அன்புக்குரியவர் நீரில் தத்தளிக்கும்போது பாசம் எங்களைத் தள்ளிவிடும், நாங்கள் குதித்துவிடுவோம். அப்புறம் படகில் யாரும் இல்லை.

வானொலியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விஎச்எஃப் வானொலியில் சிறு மூடிக்கு அடியில் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறது. மூடியைத் திறந்து, கருவி அனுப்பிவிட்டதாகக் காட்டும்வரை அழுத்திப் பிடித்தால், உங்கள் படகின் ஒன்பது இலக்க அடையாள எண்ணோடு அபாய அறிவிப்பு 70ஆம் அலைவரிசையில் போகும். ஜிபிஎஸ் இணைப்பு சரியாக இருந்தால் படகு இருக்கும் இடமும் சேர்ந்து போகும். குளிர்காலத்தில் கருவியைக் கழற்றி மாட்டிய பலர் அந்த இணைப்பை மறந்துவிடுகிறார்கள். திரையில் அட்சரேகை தெரிகிறதா என்று பாருங்கள். பிறகு 16ஆம் அலைவரிசையில் ‘மேடே’ என்ற அபாய அழைப்பு மூன்று முறை, படகின் பெயர், எங்கே இருக்கிறோம், என்ன நடந்தது, எத்தனை பேர். பதற்றத்தில் சொந்தப் பெயரே மறக்கும். ஆகவே சொல்ல வேண்டியதை அப்படியே தமிழிலோ, உங்கள் கடற்காவல் படைக்குப் புரியும் மொழியிலோ பெரிய எழுத்தில் எழுதி வானொலிக்குப் பக்கத்தில் ஒட்டிவிடுங்கள். உரிமம் பெற்றவர்தான் பேச வேண்டும் என்ற தயக்கம் எங்களில் பலருக்கு உண்டு. உயிராபத்தில் யாரும் பேசலாம் என்று சொல்லிக்கொடுங்கள். செல்பேசி இருக்கிறதே என்பீர்கள். அதில் பேசினால் நான் அழைத்த ஒருவருக்குத்தான் கேட்கும். வானொலியில் பேசினால் அரை மைல் தள்ளிப் போகும் படகுக்கும் கேட்கும். முதலில் வந்து சேரக்கூடியது அதுதான்.

வரைபடத் திரையில் ஆள் விழுந்த இடத்தைக் குறிக்கும் பொத்தானும் இருக்கிறது. அது விழுந்த இடத்தைக் காட்டும், நீங்கள் இருக்கும் இடத்தை அல்ல. நீரோட்டம் உங்களைக் கொண்டுபோய்க்கொண்டே இருக்கும். இந்த வேறுபாடு தெரியாமல் காலியான இடத்தை நோக்கி விரைய எங்களை விடாதீர்கள். இருக்கும் இடத்தை வானலையில் அறிவித்துக்கொண்டே இருக்கும் சிறிய ஏஐஎஸ் கருவி ஜாக்கெட்டுக்குள் இருந்தால், நகர்ந்துகொண்டே போகும் உங்கள் இடம் திரையில் தெரியும். செலவுக்கு இடமிருந்தால் புதிய பாயைவிட இதை முதலில் வாங்குங்கள் என்பேன்.

இதையெல்லாம் படித்துவிட்டு, “அவளுக்கு அதிலெல்லாம் ஆர்வமில்லை”, “அவர் சும்மா வெயில் காய வருகிறவர்” என்று உங்களில் சிலர் சொல்வது எனக்குக் கேட்கிறது. கொஞ்சம் பொறுத்து யோசியுங்கள். படகைத் துறையில் கட்டும்போது நடப்பதைப் பாருங்கள். நீங்கள் சுக்கானில் நிற்கிறீர்கள். நாங்கள் கையில் கயிற்றோடு அணியத்தில் நிற்கிறோம். பக்கக்காற்று தள்ளுகிறது. பின்னாலிருந்து நீங்கள் கத்துவது எஞ்சின் இரைச்சலில் பாதிதான் கேட்கிறது. “குதி” என்கிறீர்கள். ஒன்றரை மீட்டர் இடைவெளியை, ஈரமான தளத்திலிருந்து, நகர்ந்துகொண்டிருக்கும் துறைமேடைக்குத் தாண்டச் சொல்கிறீர்கள். கணுக்கால் முறிந்தவர்களும், படகுக்கும் மேடைக்கும் நடுவே விழுந்தவர்களும் இப்படித்தான். துறையில் இருக்கும் அத்தனை பேரும் வேடிக்கை பார்க்கிறார்கள். அன்று மாலை முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறோம். இப்படிச் சில பருவங்கள் போனால் யாருக்குத்தான் ஆர்வம் மிஞ்சும்? ஆர்வமில்லாதவர்களாக நாங்கள் வந்து ஏறவில்லை.

மாற்றிச் செய்யுங்கள். சுக்கானையும் எஞ்சினையும் எங்களிடம் கொடுங்கள். சுக்கான் பிடிக்கத் தேவை பொறுமையும் கண்ணும். வலுவும் நீண்ட கையும் தேவைப்படுவது கயிற்றுப் பக்கம். நீங்கள் அணியத்துக்குப் போய்க் கைச்சைகை காட்டுங்கள். நங்கூரம் போடும்போதும் எடுக்கும்போதும் அதேதான். இப்படி மாற்றிக்கொண்ட தம்பதியர் படகு கட்டுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குரல் உயரவில்லை. இதில் இன்னொரு நன்மையும் ஒளிந்திருக்கிறது. எஞ்சின் கைப்பிடியைத் தினமும் பிடித்துப் பழகியவர்தான், நீங்கள் நீரில் இருக்கும் நாளில் உங்கள் பக்கத்தில் படகைக் கொண்டுவந்து நிறுத்தக் கூடியவர். மீட்புப் பயிற்சி என்று தனியாக எதுவும் செய்யாவிட்டாலும், சுக்கானைப் பகிர்ந்துகொண்டாலே பாதிப் பயிற்சி முடிந்துவிடும்.

“நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பது உங்கள் வாயில் அடிக்கடி வரும் வாக்கியம். அன்பினால்தான் சொல்கிறீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. எங்களைச் சிரமப்படுத்தக் கூடாது என்று நினைக்கிறீர்கள். ஆனால் அடித்தட்டு வால்வுகள் எங்கே இருக்கின்றன, அவை உடைந்தால் அடைக்கும் மர அடைப்பான் எங்கே கட்டியிருக்கிறது, சமையல் எரிவாயுவை எங்கே மூடுவது, மின்கலத்தின் முதன்மைச் சுவிட்ச் எது, டீசல் எஞ்சினை நிறுத்த எதை இழுப்பது என்று எதுவும் தெரியாமல் உங்களோடு இரவுக் கடலில் போவதுதான் எங்களுக்குப் பெரிய சிரமம். அறியாமையோடு உட்கார்ந்திருப்பவர் ஓய்வாக இருப்பதில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

விழுந்தபின் என்ன என்பதைப் பற்றியே இவ்வளவு எழுதியிருக்கிறேன். விழாமல் இருப்பது உங்கள் கையில் இருக்கிறது. இரவில், தனிக்காவலில், பாய் சுருக்க முன்தளத்துக்குப் போகும்போது, மார்புப்பட்டையின் கட்டுக்கயிற்றைக் கொளுவிக்கொண்டு போங்கள். தளத்தின் நடுவாக, குட்டைக் கயிற்றில். நீளக் கயிற்றில் கட்டிக்கொண்டு விழுந்து, ஓடும் படகால் இழுபடுகிறவர் முகம் நீருக்கு மேலே நிற்காது. சிறுநீர் கழிக்கப் பின்கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். எங்களுக்குப் பதிலாக இதை யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன்; யாரும் சொல்லவில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. பருவத்தின் முதல் நாளில் எந்த ஊருக்கும் போகாதீர்கள். காற்று இதமாக, படகுப் போக்குவரத்து குறைவாக இருக்கும் நீர்ப்பரப்பு ஒன்றுக்குப் படகைக் கொண்டுபோங்கள். படகு மேடையில் மோதாமல் விலாவில் தொங்கவிடும் காற்றடைத்த மெத்தையான ஃபெண்டர் ஒன்றை வாளியோடு கட்டி வைத்திருங்கள். வாளியில் நீர் நிறைந்தால் அது காற்றில் பறந்துபோகாமல், ஏறத்தாழ ஒரு மனிதரைப் போல மிதக்கும். அதைச் சொல்லாமல் கொள்ளாமல் நீரில் எறியுங்கள். எறிந்தபின் அறைக்கூரையில் உட்கார்ந்து வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் உங்களுக்குக் கடினமான பகுதி. நாங்கள் தவறான பக்கம் திருப்புவோம், பாய் படபடக்கும், ஃபெண்டரைத் தாண்டிப் போய்விடுவோம். அப்போதும் பேசாதீர்கள்; நீரில் இருப்பவர் பேச முடியாது. நாங்கள் அதைக் கொக்கியால் பிடித்துத் தளத்தில் போடும்வரை பொறுத்திருங்கள். பிறகு எங்கே பிசகியது என்று இருவருமாகப் பேசுவோம். மறுபடியும் எறியுங்கள், இந்த முறை பாயை முழுதாகச் சுருட்டிவிட்டு எஞ்சினில். குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கும் முறை கொடுங்கள். சிவப்புப் பொத்தானின் மூடி எங்கே என்று காட்டினால் பத்து வயதுக் குழந்தையும் கற்றுக்கொள்ளும்.

பாய்ப்படகுச் சங்கங்களின் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. பருவத் தொடக்கத்தில் கொடியேற்று விழாவும் போட்டி அட்டவணையும் வைக்கிறீர்கள். அவற்றோடு, உரிமையாளர்களைத் துறையிலேயே விட்டுவிட்டு இரண்டாவது ஆட்கள் மட்டும் படகெடுத்துப் போகிற ஒரு நாளையும் சேருங்கள். ஒவ்வொரு படகிலும் பயிற்றுநர் ஒருவர் கூட வந்தால் போதும். சொந்தத் துணையிடம் கற்பதைவிட வேற்றாளிடம் கற்பது எங்களுக்கு எளிது, உங்களுக்கும் நிம்மதி.

காற்று எழுந்து படகுகள் இறங்கும் நாள் நெருங்குகிறது. மேலே சொன்ன ஜாக்கெட் சோதனையை இந்த வார இறுதியில் நாங்கள் செய்கிறோம். குப்பிகளையும் தராசையும் எடுத்து வையுங்கள். தூக்கும் கயிற்றையும் கப்பியையும் நீங்கள் பார்த்து வையுங்கள். வாளி கட்டிய ஃபெண்டரோடு துறையில் சந்திப்போம்.

இப்படிக்கு,
உங்கள் படகில் ஏறக் காத்திருக்கும் இரண்டாவது ஆள்